கடலோர ஊரில் ஒரு கரி இன்ஜினைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

கடலூர் முதுநகரைச் சேர்ந்த சில இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு இது பதில். ரயில்வேயிடம் கேட்டு ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய பழைய மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் ஒன்றை வாங்கி ஊரில் வைக்க அவர்களுக்கு எண்ணம். பழுது பார்த்து, கொஞ்ச தூரம் தண்டவாளம் போட்டு, விசேஷ நாட்களில் புகை விட்டு ஓட்ட வேண்டும் என்பது ஆசை. "ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சா போதும்" என்கிறாராம் ஒருவர். "அதெல்லாம் காயலான் கடைக்குத்தான்" என்கிறாராம் இன்னொருவர். யார் சொல்வது சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இருபது, முப்பது வருஷம் வெயிலில் நின்ற இன்ஜினைக்கூட மீட்க முடியும். ஆனால் பெயிண்டில் தொடங்கினால் உள்ளே அரிப்பது வெளியே தெரியாமல் போய்விடும். உங்கள் ஊருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் கூரை, அப்புறம் உள்ளே திறந்து பார்ப்பது, கடைசியில் பெயிண்ட். ஓட்டுவதைப் பற்றி இப்போது முடிவே எடுக்காதீர்கள். ஆனால் பிற்காலத்தில் யாராவது ஓட்ட நினைத்தால் அதற்குத் தடையாக ஒன்றும் செய்துவிடாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

எந்த இன்ஜினைக் கேட்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று போகும் பாதைதான் தென்னிந்திய ரயில்வேயின் பழைய மெயின் லைன். விருத்தாசலம் வழியாகப் போகும் குறுக்குப் பாதையான கார்டு லைன் ரொம்பப் பிற்பாடு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து 1879இல் கிளைப் பாதை போட்டார்கள். எல்லாமே மீட்டர் கேஜ். 1960களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மின்சாரப் பாதை வந்துவிட்டது. அதற்கப்புறம் எழும்பூரிலிருந்து மின்சார இன்ஜினில் வந்த வண்டிகள், விழுப்புரத்தில் இன்ஜின் மாற்றிக்கொண்டு கரி இன்ஜினிலோ டீசலிலோ தெற்கே போயின. அந்தக் காலத்துக் கரி இன்ஜின் என்றால் பெரும்பாலும் ஒய்.பி., ஒய்.ஜி. என்ற இரண்டு வகைதான். ஒய்.பி. பயணி வண்டிக்கு, ஒய்.ஜி. சரக்குக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ரயில்வே தனக்கென்று நிர்ணயித்த வடிவங்கள் இவை. இரண்டையும் ஜாம்ஷெட்பூர் டெல்கோ தொழிற்சாலையில் நிறையச் செய்தார்கள்.

அதனால் கேட்டால் ஒய்.பி. கேளுங்கள், இல்லையென்றால் ஒய்.ஜி. கூம்பு மூக்கு வைத்த டபிள்யூ.பி. பார்க்க அழகாக இருக்கும், படமெடுக்கவும் தோதாக இருக்கும். ஆனால் அது அகலப் பாதையில், அதாவது பிராட் கேஜில் ஓடும் இன்ஜின். நீராவி ஓடிய நாட்களில் கடலூர் பாதையில் அது கால் வைத்ததே இல்லை. இந்தப் பாதையில் ஓடிய வகை இன்ஜின் நின்றால்தான், அதன் முன்னால் நிற்கும் பெரியவர் தன் பேரனிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.

இனி, ஓட்டும் ஆசைக்கு வருவோம். நீராவி இன்ஜின் என்பது சக்கரத்தின் மேல் வைத்த பாய்லர்தான். மற்ற பாகம் எதுவானாலும் ஒரு நல்ல லேத்தும் பொறுமையான ஃபிட்டரும் இருந்தால் சரி செய்துவிடலாம். தேய்ந்த பேரிங்கை வார்க்கலாம், பிஸ்டன் ரிங் புதிதாகக் கடையலாம், தொலைந்த குழாயை வளைத்துப் போடலாம். பாய்லர் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒய்.பி. இன்ஜினின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. நம் சமையலறைக் குக்கர் விசில் அடிப்பது ஏறக்குறைய 15 பவுண்டில். அதைப் போல 14 மடங்கு அழுத்தம், ஓர் அறை அளவுள்ள இரும்புக் கூட்டுக்குள். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் இருக்கும். எங்காவது தகடு கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். இறங்கின அந்தக் கணத்தில் தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் அதன் கொள்ளளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருகும். பாய்லர் வெடித்து ஆட்கள் செத்த பழைய விபத்துகளில் நடந்தது இதுதான்.

பாய்லர் எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது புரியும். நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸ் ஒரு பெட்டி. அதைச் சுற்றி இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் சில அங்குல இடைவெளியில் தண்ணீர். இந்தப் பெட்டிகளின் பக்கங்கள் தட்டையானவை. தட்டையான தகடு அழுத்தத்தைத் தாங்காது, உப்பிக்கொள்ளும். அதனால் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்பெட்டி சூட்டில் விரியும், வெளிப்பெட்டி அவ்வளவு விரியாது. நெருப்பு மூட்டும்போதும் அணைக்கும்போதும் போல்ட்டுகள் கொஞ்சம் வளைந்து நிமிர்கின்றன. பல வருஷம் இப்படி வளைந்து நிமிர்ந்தால் ஒரு நாள் நடுவில் விரிசல் விடும். இதைக் கண்டுபிடிக்கப் பழைய ஆட்கள் செய்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்புத் தரும். ஒவ்வொரு போல்ட்டின் வெளி முனையிலும் மெல்லிய துளை ஒன்றைப் போட்டு வைத்தார்கள். போல்ட் உள்ளே முறிந்தால் அந்தத் துளை வழியாக ஆவி கசியும். கசிவைப் பார்த்ததும் எந்த போல்ட் என்று தெரிந்துவிடும். பின்னாளில் "அசிங்கமா ஒழுகுது" என்று அந்தத் துளையை யாராவது வெல்டு வைத்து அடைத்திருந்தால், இன்ஜினின் வாயையே அடைத்த மாதிரி. நீங்கள் வாங்கும் இன்ஜினில் அப்படி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபயர்பாக்ஸின் அடியில், இரண்டு பெட்டிகளும் சேரும் வளையத்துக்குச் சற்று மேலே, தண்ணீரில் வந்த சேறும் சுண்ணாம்பும் படியும். படிந்த இடத்தில் தகடு உள்ளிருந்து குழி விழுந்து மெலியும். வெளியே தட்டிப் பார்த்தால் திடமாகத்தான் தெரியும். முன்பக்கம், புகை வந்து சேரும் ஸ்மோக்பாக்ஸில் வேறு கதை. கடைசி நாள் ஓடியபோது விழுந்த சாம்பலை அள்ளாமலே நிறைய இன்ஜின்களை ஓரம் கட்டியிருக்கிறார்கள். கரியில் இருக்கும் கந்தகம் சாம்பலிலும் புகைப்படிவிலும் தங்கும். புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் அது அமிலமாகி அடித்தகட்டைத் தின்றுவிடும். கையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்துப்போன ஸ்மோக்பாக்ஸ்கள் உண்டு. புகைக்குழாய்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதைப் பெரிய செலவாக நினைக்காதீர்கள். தகடுகள் எவ்வளவு கனம் மிச்சம் வைத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. இதை அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் கட்டமாக அளந்து, வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும்.

அளந்து சரி பார்த்த பிறகுதான் தண்ணீர்ச் சோதனை. பாய்லர் முழுக்க, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது. அதனால் தகடு விட்டுக்கொடுத்தாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும், வெடிக்காது. காற்றை வைத்து இந்தச் சோதனையைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தாராம். செய்யவே கூடாது. அமுங்கிய காற்று ஒரு வெடிகுண்டுக்குச் சமம். பாய்லர் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்த்து, கையெழுத்துப் போட்ட சான்று இல்லாமல் ஒரு பவுண்டு ஆவிகூட ஏற்றாதீர்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நெய்வேலி அனல் மின் நிலையங்களிலும், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலும் தலைமுறை தலைமுறையாக பாய்லர் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சான்று பெற்ற உயரழுத்த வெல்டர் கிடைப்பது பல ஊர்களில் குதிரைக்கொம்பு. இங்கே தெருவுக்கு ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மின் நிலைய பாய்லரில் தண்ணீர் குழாய்க்குள் ஓடும், நெருப்பு வெளியே இருக்கும். இன்ஜின் பாய்லரில் நெருப்பும் புகையும் குழாய்க்குள், தண்ணீர் வெளியே. ஸ்டே போல்ட்டும் தட்டைத் தகடும் அவர்களுக்குப் பழக்கமில்லாத சங்கதி. அவர்களை அழைத்து வாருங்கள். கூடவே, லோகோ பாய்லரைக் கையால் தொட்டு வேலை செய்த ஒருவரையும் பக்கத்தில் வையுங்கள்.

கரியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்: பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறதே, அந்தப் பழுப்பு நிலக்கரியைப் போடலாமே என்று. வேலைக்கு ஆகாது. வெட்டி எடுக்கும்போது நெய்வேலி நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். எரிந்தால் வரும் சூடு குறைவு. காய்ந்தால் பொடியாக உதிரும். இன்ஜினில் ஆவி வெளியேறும் வேகம் ஃபயர்பாக்ஸிலிருந்து காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் பொடிக்கரி எரியாமலே பொறியாகப் பறந்து புகைபோக்கி வழியாக வெளியே விழும். மின் நிலையத்தில் அதை மாவாக அரைத்து ஊதி எரிக்கிறார்கள், அது வேறு முறை. முன்பு அங்கே லெக்கோ என்று கரிக்கட்டி செய்து வீட்டு அடுப்புக்கு விற்றார்களே, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது இதே நிலக்கரியைப் பதப்படுத்திச் செய்தது. லோகோவுக்கு வேண்டியது கெட்டியான, கை அளவு கட்டிகளாக இருக்கும் நல்ல நிலக்கரி.

தண்ணீரும் அப்படித்தான். கடலூர் முதுநகர் பக்கத்து போர் தண்ணீரைப் பாய்லரில் விட்டால் முதலில் உப்புப் படியும். அப்புறம் நுரைக்கும். நுரைத்த தண்ணீர் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போனால், அமுங்காத அந்தத் தண்ணீர் சிலிண்டர் மூடியையே உடைத்துவிடும். ஓட்டுகிற எவருக்கும் உப்பு நீக்கிய தண்ணீர் அவசியம்.

இதற்கெல்லாம் மேல் இன்னொரு தடை. நம் பாதைகள் எல்லாம் 2010 வாக்கில் பிராட் கேஜாக மாறி முடிந்துவிட்டன. ஒரு மீட்டர் அகல இன்ஜினை 1,676 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. அப்படியென்றால் நிலம் வாங்கி, மீட்டர் கேஜ் பாதை போட்டு, அதையும் பராமரிக்க வேண்டும். அரை கிலோமீட்டர் பாதையில் முன்னே பின்னே போவதற்காக ஒரு பாய்லரை வருஷா வருஷம் சான்றுக்குத் தயார் செய்வது, ஓர் ஊர்க் குழுவால் பத்து வருஷம் தாக்குப்பிடிக்கக்கூடிய காரியம் இல்லை என்பது என் கருத்து. இங்கிலாந்தில் பணமும் ஆளும் நிறைய உள்ள அமைப்புகளே இதில் மூச்சுத் திணறியிருக்கின்றன. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற இன்ஜினைப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்கப் புதுப்புது விரிசல்கள் வெளிவந்தன. 2006இல் தொடங்கிய வேலை 2016இல்தான் முடிந்தது. செலவு 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

ஆனால் தமிழ்நாட்டில் இது முடியாத காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் இருக்கிற திறமை உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. அதில் நான்கு சிலிண்டர். இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல்சக்கரப் பாதையில் ஏறும்போது அந்த இரண்டிலிருந்து வெளிவரும் ஆவியே மற்ற இரண்டுக்குள் போய் பல்சக்கரத்தைத் திருப்பும். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு அது. பழைய இன்ஜின்கள் ஓய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை 2011இலிருந்து எண்ணெயில் எரியும் நான்கு புது எக்ஸ் கிளாஸ் இன்ஜின்களைச் செய்தது. 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் செய்து மலைக்கு அனுப்பியது. இருபத்தோராம் நூற்றாண்டில் நீராவி இன்ஜினைப் புதிதாகச் செய்த பணிமனை, உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

பெரம்பூரின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. லண்டனுக்கு வடக்கே லீட்ஸ் நகரில் 1855இல் செய்த, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜின், வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே உயிர் கொடுத்து, 2010 சுதந்திர தினத்தன்று சென்னையில் ஓட்டிக் காட்டினார்கள். அதன் ஜோடியான ஃபேரி குயின், அதுவும் 1855தான், 1909இல் ஓய்வு பெற்று 1997இல் மறுபடி ஓடியது. நூறு வருஷம் நின்ற இன்ஜின் எழுந்து ஓடியதென்றால், நடுவில் அதை யாரும் வெட்டிக் கெடுக்கவில்லை என்று அர்த்தம். நின்ற காலம் வீணான காலம் இல்லை. அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் வரப்போகிற ஒருவருக்காக இதைக் கெடாமல் வைத்திருப்பது.

அந்த வேலைதான் கடற்கரையில் கஷ்டம். உப்புக்காற்று இரும்பின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். உப்புப் படிந்த தகட்டில் பெயிண்ட் அடித்தால் அதன் அடியிலேயே துரு ஓடும். ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஆகவே இன்ஜினைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கூட்டம் வரும் இடம் என்பது உண்மைதான். ஆனால் இன்ஜினைக் கொல்வதற்கு அதைவிட வேகமான இடம் மாவட்டத்தில் கிடையாது. புதுச்சேரிக்காரர்கள் கடற்கரைச் சாலையில் வைக்க நினைத்தாலும் இதையேதான் சொல்வேன். கடலிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

கூரை இல்லாமல் இன்ஜினை இறக்கவே வேண்டாம். இங்கே கூரை என்றால் நான்கு கம்பி நட்டு ஷீட் போடுவது இல்லை. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நீங்கள். 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரியில் கொட்டிய மழையையும் பார்த்தீர்கள். அஸ்திவாரத்தில் நங்கூரம் போட்ட தூண், புயல் காற்றுக்குக் கணக்குப் போட்ட கூரைச் சட்டம் (டிரஸ்), கிழக்குப் பக்கம் மறைப்பு, மற்ற பக்கம் காற்றோட்டம். தரை, தெருவைவிட உயரமாக இருக்க வேண்டும். திரட்டும் பணத்தில் பாதி இதற்கே போனாலும் வருத்தப்படாதீர்கள்.

அடியில் கான்கிரீட் போட்டுச் சக்கரத்தைப் புதைப்பதையும் தவிர்க்க வேண்டும். பூங்காக்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். மழைத்தண்ணீர் சக்கரத்தின் காலடியில் தேங்கி, விளிம்பை அறுத்துவிடும். ஜல்லி, ஸ்லீப்பர், தண்டவாளம் என்று பாதை போட்டு, தண்ணீர் வடிய விட்டு, அதன் மேல் நிறுத்துங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஜாக்கி வைத்து அரைச் சுற்று நகர்த்தினால் பேரிங்கும் பிழைக்கும்.

இன்ஜின் வந்ததும் செய்ய வேண்டிய வேலைகளில் ஆபத்தானது ஒன்று இருக்கிறது. பாய்லரின் மேல் தகட்டுச் சட்டைக்கும் பாய்லருக்கும் நடுவில் சூடு வெளியேறாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் பூசியிருக்க வாய்ப்புண்டு. காய்ந்த ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் பறக்கும். அது நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது. முதலில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இருக்கிறது என்று வந்தால், பயிற்சி உள்ள ஆட்களை வைத்து, நனைத்து, மூட்டை கட்டி அகற்றும் வரை யாரும் அந்தச் சட்டையைத் தொடக்கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதனால் காய்ந்தபடி அரம் போடுவதும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் "சேவை" என்று கூட்டி வந்து சுரண்ட விடாதீர்கள்.

அது முடிந்ததும் சாம்பல். ஸ்மோக்பாக்ஸ், ஃபயர்பாக்ஸ், சாம்பல் தட்டு எல்லாவற்றையும் சுரண்டி அள்ளி, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். புகைபோக்கிக்கு மூடி போடுங்கள். கரியும் தண்ணீரும் சுமந்து இன்ஜினுக்குப் பின்னால் வரும் டெண்டரில், கரிப் பள்ளத்தின் மூலையில் பழைய தூள் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும், அதையும் எடுங்கள். பாய்லரின் கீழ்ச் செருகிகளைத் திறந்து வடித்துவிட்டு, காற்று போக வர விடுங்கள். இதற்குப் பணமே வேண்டாம், நாலைந்து ஆள் போதும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் நாடு முழுக்க இன்ஜின்கள் அடிவயிறு உளுத்து நிற்கின்றன.

பெயிண்ட் அடிக்குமுன், மறைவான ஓர் இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழைய பூச்சை ஒவ்வொரு அடுக்காக ஈரத்தோடு தேய்த்துப் பாருங்கள். மேலே பூங்காப் பச்சை, அதற்கடியில் கறுப்பு, அதற்கும் அடியில் ஏதாவது கோட்டு வண்ணம் என்று இன்ஜினின் வரலாறு வரிசையாக வரும். படம் எடுத்து வையுங்கள். இணைப்புத் தண்டுகளின் முனையில் எண் குத்தியிருக்கும். பணிமனையில் ஓர் இன்ஜினின் தண்டை இன்னொன்றுக்கு மாட்டுவது சகஜம், அதனால் உங்கள் இன்ஜினில் வேறு இன்ஜினின் எண் இருந்தால் அது தப்பு இல்லை, அதுவும் அதன் வாழ்க்கைதான். அதையும் எழுதி வையுங்கள். அரம் போட்டு அழித்துவிடாதீர்கள். பித்தளைப் பலகைகள், கேஜ், விசில் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டு, வெளியில் நகல் மாட்டுவதே நல்லது. பித்தளைக்குத் திருடன் கண் எப்போதும் உண்டு.

வெள்ளிப் பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. காட்சிக்கு வைக்கும் இன்ஜின்களின் தண்டுகளுக்கும் சக்கர விளிம்புக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஓடிய நாட்களில் அவை தேய்த்துத் துடைத்து எண்ணெய் பூசிய வெறும் எஃகு. இன்றும் அப்படியே வைக்கலாம். துருவை நீக்கி, கிரீஸ் பூசி, மாதம் ஒரு முறை துடைத்தால் அதற்கு இருக்கும் பளபளப்பு எந்த டப்பாவிலும் கிடைக்காது. உடம்புக்குத் துருவை இரும்பு தெரியும் வரை எடுத்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, அன்றைக்கே துத்தநாக பிரைமர், அதன் மேல் எபாக்சி, கடைசியாக மேல்பூச்சு. வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை பிறந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஓடும் ஆசைக்கு ஒரு நடுவழி. பாய்லரைத் தொடாமலே இன்ஜினை அசைத்துக் காட்ட முடியும். பாய்லருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ஆவிக் குழாயைப் பிரித்து அடைத்துவிட்டு, கம்ப்ரசரிலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றை நேராகச் சிலிண்டருக்கு விட வேண்டும். ஓட்டும் சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினால், இன்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். நாலரை அடிச் சக்கரம் மெதுவாகத் திரும்புவதும், சிலிண்டருக்கு ஆவியைத் திறந்து மூடும் வால்ஷார்ட்ஸ் வால்வு கியரின் தண்டுகள் ஒன்றை ஒன்று இழுப்பதும், டிரைவர் ரிவர்சரைத் திருப்பினால் அதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுவதும் கண்ணெதிரே நடக்கும். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இதைப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும், பாடப்புத்தகத்தில் படமாக இருந்தது புரிந்துவிடும். வெளியேறும் காற்று புகைபோக்கி வழியாகப் போனால் இன்ஜினின் அந்தப் பழைய சத்தமும் வரும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும், ஆக ஒரு சுற்றுக்கு நாலு அடி. வெளிநாடுகளிலும் பல காட்சி இன்ஜின்களை இப்படித்தான் அசைத்துக் காட்டுகிறார்கள். இதற்கும் ஒரு தகுதியுள்ள பொறியாளர் மேற்பார்வை வேண்டும், சக்கரத்தைச் சுற்றி வேலி வேண்டும்.

அந்த நாலு அடியைக் கேட்டே வால்வு சரியாக இருக்கிறதா, ஒரு பக்கம் ஆவி கசிகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் நீராவி 1990களில் முடிந்தது. அப்போது இளம் ஃபயர்மேனாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டியிருக்கும், டிரைவராக இருந்தவருக்கு எண்பதுகூட ஆகியிருக்கும். விழுப்புரம், விருத்தாசலம், மயிலாடுதுறை ரயில்வே குடியிருப்புப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். கரியை நடுவில் கொட்டாமல் மூலைகளுக்கு எப்படி வீசினார்கள், சாம்பல் உருகி கிளிங்கராகக் கட்டினால் எப்படிப் பெயர்த்தார்கள், பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியாமல் போனால் முதலில் என்ன செய்தார்கள், உருகு செருகி உருகினால் என்ன தண்டனை என்றெல்லாம் கேளுங்கள். உருகு செருகி என்பது ஃபயர்பாக்ஸின் கூரையில் இருக்கும் ஈயம் வைத்த திருகு. மேலே தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, ஆவி இறங்கி நெருப்பின் வேகத்தை அடக்கி, ஆட்களை எச்சரிக்கும். செய்து பார்த்தவர்கள் சொல்லும்போது கையும் சேர்ந்து பேசும், அதனால் ஒலியை மட்டும் பதியாமல் வீடியோவாக எடுங்கள். இன்ஜின் வரும் வரை காத்திருக்காமல் இதை இந்த மாதமே ஆரம்பியுங்கள். இரும்பு இன்னும் சில வருஷம் காத்திருக்கும், இவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

கடைசியாக மனு. கடலூரும் புதுச்சேரியும் தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டத்தில் வருகின்றன, அதனால் கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள். "இன்ஜின் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. எந்த இடம், யாருக்குச் சொந்தமான நிலம், கூரையின் வரைபடம், பராமரிக்கப் போகும் பதிவு பெற்ற அமைப்பு எது, முதல் ஐந்து வருஷத்துக்கான பணம் எங்கிருந்து என்று காட்டுங்கள். கூடவே அந்த இன்ஜினின் பாய்லர் பதிவேடு, கடைசியாகப் பெரிய பழுது பார்த்த விவரம், பணிமனை வரைபடங்களின் நகல், கழற்றி வைத்த பாகங்கள் ஏதாவது இருந்தால் அவை என எல்லாவற்றையும் இன்ஜினோடு சேர்த்தே கேளுங்கள். தனியாகப் பின்னால் கேட்டால் அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. லாரியில் ஏற்றுமுன் உங்களில் இரண்டு பேர் நேரில் போய், இன்ஜின் நிற்கும் இடத்திலேயே அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஏற்றி இறக்கும்போது உடைவது என்ன, ஏற்கெனவே உடைந்திருந்தது என்ன என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.